மார்க்கக் கல்வி பயிலும் நம் பிள்ளைகளும் வாழ்க்கைத் திறன்களும்

(பொன்விழாக் கருத்தரங்கில் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கல்விக் குழுவுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நன்றி சொல்லவே அதில் ஐந்து நிமிடம் போய்விடும் என்று தலைவர் எச்சரித்தார். ஆகவே நன்றியை எழுத்தில் கொடுத்துவிட்டோம். மலரின் வேறு பக்கத்தில் வரும். நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

நம் பழையவர்கள் ஸ்ரீ கெம்பாங்கானை இன்றும் செர்டாங் பாரு என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சங்கம் தொடங்கிய காலத்தில், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குக் கடிதம் போகும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மதரஸாக்களில் ஓதியவர்கள் வருவார்கள். மலாய் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் ஒரு வீட்டில் மவுத்து என்றால் அங்கே போய் எப்படி உட்கார வேண்டும், எப்போது பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நம் பிள்ளைகளே படிக்கிறார்கள். செர்டாங் நிலையத்தில் கோமுட்டர் ரயில் ஏறினால் காஜாங்கைத் தாண்டி யூ.கே.எம்.; அதே தடத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் யூ.எஸ்.ஐ.எம். இருக்கும் நீலாய். கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தக் கல்விக்கு நம் பள்ளத்தாக்கில் நீண்ட வரலாறு உண்டு. 1955-ல் சிலாங்கூர் சுல்தான் ஹிசாமுடின் ஆலம் ஷா வழங்கிய கிள்ளான் அரண்மனைக் கட்டடத்தில் மலாயா இஸ்லாமியக் கல்லூரி தொடங்கியது. 1970-ல் யூ.கே.எம். உருவானபோது அதன் இஸ்லாமியத் துறை அந்தக் கல்லூரியிலிருந்துதான் வந்தது. 1983-ல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், 1998-ல் பின்னாளில் யூ.எஸ்.ஐ.எம். ஆன கல்லூரிப் பல்கலைக்கழகம். நாசி கண்டார் கடையில் நின்று சம்பாதித்த அத்தாமார்களின் பிள்ளைகள் இந்த வாசல்களில் நுழைந்தது சாதாரணச் செய்தியல்ல. அதில் நமக்குப் பெருமை உண்டு. நாங்கள் இப்போது சொல்லப்போவதை அந்தப் பெருமையைக் குறைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தில் நடந்த ஒரு சம்பவம். சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்றார்கள்.

நம் உறுப்பினர் ஒருவர் நாற்பத்தேழு வயதில் திடீரென்று மவுத்தானார். மனைவி, வயதான தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள். ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர், இ.பி.எஃப். பணம் இருந்தது, சொக்சோ இருந்தது, கடன் முடியாத ஒரு வீடு இருந்தது. அந்த வாரம்தான் நம் பிள்ளை ஒருவன் ஷரியா படிப்பில் பட்டம் பெற்று வந்திருந்தான். எல்லாரும் "ஆலிம்சா வந்துட்டாரு" என்று அவனையே அனுப்பினோம். அவன் ஒரு கடித உறையின் பின்புறத்தில் பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டான். அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக மீதியை 96 பங்காக்க வேண்டும்: மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 12, தாய்க்கு ஆறில் ஒன்று, 16, மகனுக்கு 34, மகள்களுக்கு ஆளுக்கு 17. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நாங்கள் அசந்துபோனோம்.

அந்தச் சகோதரி கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "தம்பி, நாளைக்கு நான் எந்த ஆபீசுக்குப் போகணும்?" என்றார்.

அவனுக்குத் தெரியவில்லை. பங்கு விவரச் சான்று ஷரியா நீதிமன்றத்தில் வாங்க வேண்டும். வீடு, நிலம் அடங்கிய சிறு சொத்து என்றால் 1955-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவு. வீடும் நிலமும் இல்லாமல் வங்கிப் பணமும் வண்டியும் மட்டும் என்றால் அமானா ராயா ஒரு வழி. சொக்சோவுக்குத் தனி மனு. வீட்டுக் கடனுக்கு இன்சூரன்ஸோ தக்காஃபுலோ எடுத்திருக்கிறாரா என்று வங்கியில் கேட்க வேண்டும். இவை எதுவும் அவன் பாடத்தில் இல்லை என்று சொல்ல முடியாது, சட்டமாகப் படித்திருந்தான். படிவம் எங்கே, கவுன்டர் எங்கே, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அந்த ஒரு மாதம் அந்தச் சகோதரி தாமாகவே அலைந்தார், இத்தாவில் இருந்துகொண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் வந்தது. இ.பி.எஃப். படிவத்தில் வாரிசுப் பெயராக அவர் கல்யாணத்துக்கு முன்பே தம்பியின் பெயரை எழுதியிருந்தார். பிறகு மாற்றவே இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களில் எத்தனை பேர் அப்படி மாற்றாமல் இருக்கிறோம் என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். முஸ்லிமைப் பொறுத்தவரை அந்தப் பெயருக்குரியவர் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். பெற்று, வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டிய வஸீ. நாட்டின் ஃபத்வா சபை இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் தம்பி பணத்தை வாங்கித் தன் கணக்கில் வைத்துக்கொண்டார். "அண்ணன் என் பேரைத்தானே எழுதினாங்க" என்றார்.

நம் பிள்ளை அவர் வீட்டுக்குப் போனான். உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில், யத்தீம் பிள்ளைகளின் சொத்தைச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று ஆதாரத்தோடு விளக்கினான். சொன்னது முழுக்க உண்மை. அவரோ எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு குடும்பமும் எட்டு மாதம் பேசவில்லை. நோன்புப் பெருநாளைக்குக்கூட அந்தப் பாட்டியம்மா ஒரு மகன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

முஆத் (ரலி), அபூ மூஸா (ரலி) இருவரையும் யமனுக்கு அனுப்பும்போது, மக்களுக்கு இலகுவாக்குங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை இந்தப் பிள்ளை அறிவிப்பாளர் வரிசையோடு ஒப்பிப்பான். அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அவனே எங்களிடம் இப்படிச் சொல்லி அழுதான். அவன் கெட்டவன் இல்லை, பயந்திருந்தான். பயத்தில் தனக்கு எது நன்றாகத் தெரியுமோ அதைப் பிடித்துக்கொண்டான். இருபத்துநான்கு வயதில் அந்த வீட்டுக்குத் தனியாக அவனை அனுப்பியவர்கள் நாங்கள்.

பிறகு நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் போனார். முப்பது வருஷம் உணவகம் நடத்தியவர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இந்தப் பிள்ளையையும் கூட்டிப் போனார், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. முதல் தடவை டீ குடித்தார்கள், கார் விலையைப் பற்றிப் பேசினார்கள், வந்துவிட்டார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அந்தத் தம்பி தானாகவே ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து முன்னால் வைத்தார். அண்ணனை முன்பு ஒரு முறை தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கட்டிய ரசீதுகள். ஒன்பதாயிரம் ரிங்கிட். அண்ணன் திருப்பித் தருவதாகச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியும் போனில் இருந்தது. அதை யாரிடமும் கேட்க அவருக்கு வெட்கம். மவுத்தான வீட்டில் போய்க் கடன் கேட்பது எப்படி என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

அப்போதுதான் நம் பிள்ளைக்குப் பேச அனுமதி கிடைத்தது. அவன் சொன்னான்: "சாச்சா, இது கடன். பங்கு பிரிக்குறதுக்கு முந்தி உங்களுக்குக் குடுக்க வேண்டியது. நீங்க கேக்கவே வேணாம், எங்க கணக்குல அதுதான் முதல்ல வருது." ஒன்பதாயிரம் அவருக்குப் போக, மீதி 96 பங்காகப் பிரிந்தது. அந்தப் பிள்ளை இன்று இந்த மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். திரும்பிப் பார்த்து அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் 'வாழ்க்கைத் திறன்' என்ற சொல்லை எங்கள் குழு கூர்ந்து யோசித்தது. நம்மில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பள்ளிக்கூடத்துக் கெமாஹிரான் ஹிடுப் பாடம்தான் ஞாபகம் வரும். மூன்று முள் பிளக்கில் எந்த ஒயரை எங்கே மாட்டுவது, பலகையை எப்படி அறுப்பது, பொத்தான் தைப்பது. 2017 முதல் அந்தப் பாடம் பெயரும் உருவமும் மாறி, ரெக்கா பெந்தோக் டான் தெக்னோலோஜி ஆகிவிட்டது. பிளக் மாட்டத் தெரிந்த கடைசித் தலைமுறை நாம்தான் என்று நம் பொருளாளர் அடிக்கடி சொல்வார். அதிருக்கட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைக் குறிப்பிட்டது: முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சியைக் கையாளுதல், பேசிப் புரியவைத்தல் இப்படி. நம் உயர்கல்வி அமைச்சு 2006-ல் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கெமாஹிரான் இன்சானியா என்ற பெயரில் ஏழு திறன்களை வகுத்துக் கொடுத்தது. பட்டியலுக்குப் பஞ்சமில்லை. பல்கலைக்கழகங்களும் தொழில் பயிற்சி என்று மாணவர்களை அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் அனுப்பத்தான் செய்கின்றன. அவர்கள்மேல் பழிபோட நாங்கள் வரவில்லை.

ஆனால் இதைப் பாருங்கள். மருத்துவம் படித்தவர் பெரிய டாக்டர்களின் கண்காணிப்பில் ஹவுஸ்மன்ஷிப் முடித்தாக வேண்டும். சட்டம் படித்தவர் ஒன்பது மாதம் சேம்பரிங் செய்தாக வேண்டும். நம் வாசலில் இருக்கும் யூ.பி.எம். 1931-ல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியபோது, படிக்க வந்தவர்கள் மண்ணில் இறங்கித்தான் படித்தார்கள். மார்க்கம் படித்த பிள்ளையை மட்டும் பட்டமளிப்பு விழா முடிந்த மறுவாரமே மவுத்து வீட்டுக்கும், மணமுறிவுப் பஞ்சாயத்துக்கும், கடன் தகராறுக்கும் நாம் தனியாக அனுப்புகிறோம். இந்தப் பயிற்சியை எந்தப் பல்கலைக்கழகமும் நமக்காகச் செய்து தர முடியாது. இந்த வீடுகள் நம் வீடுகள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைகளை இப்படி ஆக்குவதில் வீட்டுக்கும் பங்கு உண்டு. ஓதுகிற பிள்ளை என்று தனி மரியாதை கொடுத்து, சந்தைக்கு அனுப்புவதில்லை, கரண்ட் பில் கட்டச் சொல்வதில்லை. ஜுப்பாவை உம்மா இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார். மற்றப் பிள்ளைகள் அத்தாவோடு விடிகாலை பாசார் போரோங்குக்குப் போய் விலை பேசக் கற்றுக்கொள்ளும்போது இவன் மட்டும் தூங்குகிறான். மார்க்க அறிஞர்களில் தலைசிறந்த இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் கூஃபாவில் பட்டுத்துணி வியாபாரம் செய்தவர்கள். கொடுக்கல் வாங்கல் சட்டங்களைப் பேசும்போது அவர்களுக்குக் கடைத்தெரு கண்ணால் பார்த்த இடம்.

மூன்று ஆண்டுகளாக நாங்கள் செய்துவருவதைச் சொல்கிறோம். எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டோம்.

செமஸ்டர் விடுமுறைகளில் மாணவர்களைச் சங்கத்தின் செயலாளரோடு உட்கார வைத்தோம். மவுத்து, திருமணப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பதிவு என்று உதவி கேட்டு வருகிறவர்களோடு அவர்கள் துணைக்குப் போக வேண்டும். திரும்பி வந்து எந்த அலுவலகம், எந்தப் படிவம், என்ன ஆவணம், எத்தனை தடவை போக வேண்டியிருந்தது என்று ஒரு தடித்த நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு இப்போது இரண்டாவது பாகம் ஓடுகிறது. சங்க அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தயவுசெய்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள், முதல் பாகம் அப்படித்தான் ஒரு தடவை காணாமல் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு காரின் பின்சீட்டிலிருந்து கிடைத்தது.

பெரியவர்கள் சமரசம் பேசப் போகும்போது ஒரு மாணவரைக் கூட்டிப் போவது என்றும் வைத்தோம். முதல் மூன்று சந்திப்பில் பேசக் கூடாது. இது பிள்ளைகளுக்கு மிகக் கஷ்டமாக இருக்கிறது. ஒருவன், "மாமு, அவரு சொன்ன ஹதீஸ் பலவீனமானது, அதைக்கூடச் சொல்லக் கூடாதா?" என்று வெளியே வந்ததும் கேட்டான். காரில் போகும்போது சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தோம்.

உணவகத்தில் இரண்டு வாரம் வேலை செய்யும் ஏற்பாடு முதலில் படுதோல்வி. ஒரு பையனைப் பாத்திரம் கழுவுமிடத்தில் விட்டுவிட்டோம்; ஏன் எதற்கு என்று ஒன்றும் விளக்கவில்லை. நான்காம் நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் அத்தா வந்து, "என் மகனை ஓதத்தான் அனுப்பினேன், தட்டுக் கழுவ இல்லை" என்று சண்டை போட்டார். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது: நாங்கள் சம்பளம் கொடுக்கவில்லை. உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பதில் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்பதை அந்தப் பையனே எங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். இப்போது சம்பளம் உண்டு. கல்லாவில் ஒரு வாரம், கொள்முதலில் ஒரு வாரம். வெளிநாட்டுத் தொழிலாளியின் பெர்மிட் செலவு என்ன, கடைக்காரர் எதற்குக் கடன் வாங்குகிறார் என்பதையெல்லாம் அங்கேதான் பார்க்கிறார்கள். பி.டி.பி.டி.என். பணம் மொத்தமாக வந்ததும் முதல் மாதம் செலவழித்துவிட்டு, பிறகு மெகியில் காலம் தள்ளுகிற பழக்கமும் கல்லாவில் உட்கார்ந்தவர்களிடம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் பிள்ளைகள் மார்க்கத்தை மலாயிலும் அரபியிலும் படிக்கிறார்கள். பாட்டியம்மா "நீயத்து", "பரளு", "மய்யித்து" என்பார். பேரன் அதையே மலாய்ச் சொல்லால் சொல்வான். சட்டம் விளக்குவதென்றால் எப்படியாவது சமாளித்துவிடுகிறான். அழுகிறவரிடம் பேசத்தான் அவனிடம் சொல் இல்லை. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி இளைஞரான ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவரும் சில நாளிலேயே கற்றுத் தேர்ந்தார். வேறு சமூகத்தின் கடிதத்தைப் படிக்கவே அவ்வளவு அக்கறை என்றால், சொந்தப் பாட்டியின் பேச்சுக்கு நாம் எவ்வளவு அக்கறை காட்ட வேண்டும்? அதனால் மாதம் ஒரு முறை மாணவர்கள் தமிழில் மட்டும் பத்து நிமிடம் பேசுகிறார்கள். கேட்பவர்கள் வயதானவர்கள். புரியவில்லை என்றால் கையைத் தூக்குவார்கள். எங்கள் பாட்டியம்மாமார்கள் தாராளமாகத் தூக்குகிறார்கள்.

பொது இடத்தில் மார்க்கம் போதிக்கச் சிலாங்கூரில் தௌலியா வேண்டும் என்பது எல்லாரும் அறிந்தது. 2003-ம் ஆண்டுச் சட்டம் அது. மாணவர்கள் அதற்கு முறைப்படி விண்ணப்பிக்கச் சங்கம் உதவும். ஆனால் தௌலியா வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று சிலர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நோயாளியோடு ஆஸ்பத்திரியில் ஓர் இரவு இருக்கவும் மய்யித்தைக் குளிப்பாட்டவும் எந்தக் கடிதமும் தேவையில்லை.

கடைசியாக, நாங்கள் சொல்ல வெட்கப்படுகிற ஒன்று.

மேலே சொன்ன எல்லாவற்றையும் பையன்களுக்காகவே திட்டமிட்டோம். நம் ஜமாஅத்தில் மார்க்கத் துறைகளில் படிப்பவர்களை எண்ணிப் பார்த்தால் பெண் பிள்ளைகள்தான் அதிகம். போன வருடம் கடைசி ஆண்டு மாணவி ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "மாமு, பொம்பளைங்க எல்லாரும் ஹஜ்ரத்திடம் கேட்க வெட்கப்பட்டுக்கிட்டு என்கிட்டதான் கேக்குறாங்க. அடுப்படியில நின்னுகிட்டு, கல்யாண வீட்டுல பாத்ரூம் வாசல்ல நின்னுகிட்டு. நான் எங்க உக்காந்து பதில் சொல்றது?" இத்தாவில் இருக்கும் பெண் ஃபாக்டரி வேலைக்குப் போகலாமா, கணவன் செலவுக்குப் பணம் தராவிட்டால் ஷரியா நீதிமன்றத்தில் எப்படி மனுப் போடுவது, இவைதான் அவரிடம் வருகிற கேள்விகள். எங்கள் யாரிடமும் இதுவரை வராத கேள்விகள். வரவில்லை என்பதால் பிரச்சினையே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். பெண் மய்யித்தைக் குளிப்பாட்டி கஃபன் இடத் தெரிந்தவர்கள் நம் ஜமாஅத்தில் இப்போது இரண்டே பேர். ஒருவருக்கு எழுபது வயதுக்கு மேல். முழங்கால் வலியால் நிற்க முடியவில்லை. மற்றவர் ஜொகூருக்கு மகளோடு குடிபோகிறார். அதற்குள் கற்றுக்கொள்ள ஆறு பெண் பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார்.

இடம்தான் இல்லாமல் இருந்தது. அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் பொருள் அறையில் பழைய நாற்காலிகளும், கந்தூரி சட்டிகளும், இருபதாண்டுக் கணக்குப் புத்தகங்களும் கிடக்கின்றன. அந்த அறையைப் பெண் மாணவிகளுக்கென்று கொடுக்க நிர்வாகக் குழு போன வாரம் ஒப்புக்கொண்டது. வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அதைக் காலி செய்கிறோம். சட்டிகள் கனமானவை, வாட்டசாட்டமான இளைஞர்கள் நான்கைந்து பேர் வேண்டும். கதவுக்குப் புதுப் பூட்டும் ஒரு நல்ல விளக்கும் தேவைப்படுகின்றன. முடிந்தவர்கள் செயலாளரிடம் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.